ஆறு வடிவங்கள்

பக்கவாதம் வந்து நாற்பது நாளாகியும் திருவேங்கடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லூரியில் முப்பது வருஷம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். பேச்சுப் பயிற்சி தர பவானிபூர் வீட்டுக்கு வரும் ஸ்மிதா, "அவர் மனப்பாடமாச் சொன்னது எதையாவது வாசிச்சுக் காட்டுங்க மாமி. சில பேருக்கு அது மட்டும் மிஞ்சியிருக்கும்" என்றாள்.

ஸ்லோகங்கள் பலிக்கவில்லை. மறுநாள் காலை அவர் மனைவி ராஜலக்ஷ்மி அவருடைய பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தைப் பிரித்தாள். 'கதைகளில் மட்டும் வரும் இறந்தகாலம்' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார். பிரெஞ்சு தெரியாத அவள் இங்கிலீஷ் மாதிரியே எழுத்துக்கூட்டி, "ஜெ ஃபுஸ்" என்று வாசித்தாள்.

அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஃப்யூ!"

கடைசி எழுத்தை அவள் உச்சரித்தது அவருக்குப் பொறுக்கவில்லை. பிறகு, "ழ ஃப்யூ, ட்யூ ஃப்யூ, இல் ஃப்யூ" என்று தொடங்கி, நான், நீ, அவன் என மாறும் அந்த வினைச்சொல்லின் ஆறு வடிவங்களையும் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார்.

அவளுக்குக் கண் நிறைந்தது. "ஏன்னா, அடுத்ததையும் தப்பாத்தான் வாசிப்பேன். திருத்துங்கோ."

தினமும் நாலைந்து வினைச்சொற்கள் நடந்தன. ஒன்பதாம் நாள் பாடத்தின் நடுவில், "தண்ணி" என்று தமிழில் கேட்டார். கொடுத்துவிட்டு ஸ்மிதாவுக்குப் போன் செய்தாள். "நீ நன்னா இருக்கணும்டி கொழந்தே" என்றாள்.