பெரியவருக்கு வேர்க்குது

திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு அந்த போன் வந்தது. தேன்மொழி வழக்கம்போல நோட்டை விரித்து வைத்துக்கொண்டுதான் எடுத்தாள்.

"வியாழக்கெழம ஒரு ஐஸ் பொட்டி வேணும்மா. வண்டியோட. திருப்பதியிலேர்ந்து சித்தூருக்கு அந்தாண்ட."

"எப்ப இறந்தாருங்க?"

எதிர்முனையில் சின்னதாக ஒரு சிரிப்பு. "வியாழக்கெழமதாம்மா. மூணு மணிக்கு வண்டி வந்தா போதும்."

"பேரு?"

"பேரு இன்னும் முடிவாகல. அந்த எடத்த வுட்டு வை. கோவர்த்தனன்னு சொன்னா உங்க மாமாவுக்குத் தெரியும்."

போன் வைக்கப்பட்ட பிறகும் அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் கட்டங்கள் அவளே ஸ்கேல் வைத்துப் போட்டவை. பதிவு செய்த நேரம், போன் நம்பர், இறந்த நேரம், பெயர், ஊர், தூக்க எத்தனை ஆள், பெட்டியின் குளிர். மூன்று வருஷமாக ஒரு கட்டத்தைக்கூட அவள் காலியாக விட்டதில்லை. சாயங்கால வகுப்பில் பட்டப்படிப்பு படிக்கும் அவளுக்கு, எழுதியதைத் திரும்பப் பார்ப்பதும் சரியா தப்பா என்று சந்தேகப்படுவதும் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இரண்டு தெரு போனபின் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள்.

கடை அவளுடைய தாய்மாமன் எத்திராஜுடையது. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டிகளை வாடகைக்கு விடுகிற கடை. நாலு பெட்டி, ஒரு வேன், ஓட்டுவதற்கு முரளிதரன்.

"சாவற நாளு வேற சொல்லிட்டாரு மாமா. யாருன்னுதான் தெரியலயாம்," என்றாள் மத்தியானம்.

எத்திராஜ் சாப்பாட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "டாக்டரு ரெண்டு மூணு நாள்னு கெடு குடுத்திருப்பாரு. மூணு பேரு இழுத்துக்கினு கெடப்பாங்க. எது முந்துதோ அது. நீ அந்தப் படத்த எத்தன தடவ பாத்த?"

"நாலு."

"அதான். மூள அதுலயே நின்னுபோச்சி."

'பெரியவர் புறப்பட்டார்' வந்து எட்டு வருஷமாகிறது. இந்த மலையடிவாரத்தில் கதை நடப்பதாக எடுத்த படம். செம்மரக் கட்டைகளை ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி, மேலே ஒரு கிழவரைப் பிணமாகப் படுக்க வைத்துக் கடத்துகிற ஒரு முட்டாள் கும்பல். வழியில் ஆளாளுக்கு ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டே போவார்கள், தியேட்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும். சோதனைச் சாவடியில் கிழவரின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மூடி பனிக்கும். பொய் விதவை முந்தானையால் வெளியே துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். "பெரியவருக்கு வேர்க்குது சார்," என்பாள். சந்தேகப்பட்டு மூடியைத் திறக்கும் கான்ஸ்டபிளுக்கு ஊரே சேர்ந்து செருப்படி கொடுக்கும்.

தெலுங்கிலும் வந்து ஓடியது. அதன் பிறகு இந்தப் பக்கம் வெயில் காலத்தில் யார் நெற்றியைத் துடைத்தாலும் பக்கத்தில் இருப்பவர் அதைத்தான் சொல்வார். ஆட்டோவின் பின்னால் எழுதியிருக்கும். தேன்மொழியின் வகுப்பு வாட்ஸப் குழுவில் அந்த விதவையின் முகம் தினமும் நாலு தடவையாவது வரும்.

போன வருஷம் ஒரு சோதனைச் சாவடியில் நிஜமாகவே ஒரு கான்ஸ்டபிள் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஏர்பேட்டுப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, நிஜமான பிணம். மகன்கள் அழுதுகொண்டே போனில் படம் பிடித்தார்கள். யாரோ அதற்குப் படத்தின் மியூசிக்கைச் சேர்த்துவிட, இரண்டு நாளில் மாவட்டம் முழுக்கப் பரவியது. அந்த கான்ஸ்டபிளை எங்கோ மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து ஐஸ் பெட்டி வண்டி என்றால் யாரும் கிட்டேயே வருவதில்லை.

திங்கள் சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் தேன்மொழி பழைய பக்கங்களைப் புரட்டினாள். இதே நம்பரிலிருந்து இந்த வருஷம் மூன்று பதிவு, மூன்றையும் மாமாவே போனில் எடுத்து எழுதியிருந்தார். இறந்த நேரத்தை அவள் பிறகு டாக்டர் சான்றிதழைப் பார்த்து நிரப்பியிருந்தாள். முதலாவது, பதிவு செய்து ஒரு நாள் கழித்து இறந்தவர். இரண்டாவது, இரண்டு நாள். மூன்றாவதும் இரண்டு நாள். மூன்று பேருக்கும் ஊர் என்ற இடத்தில் 'பஸ் ஸ்டாண்டு' என்றே இருந்தது. மூன்று பெட்டியையும் தூக்க ஆறு ஆள். மற்றவர்களுக்கெல்லாம் நாலு.

தானே தப்பாக எழுதியிருக்கலாம் என்று நினைத்தாள். சான்றிதழ் நகல்களை எடுத்து வைத்து மறுபடி ஒப்பிட்டாள். தப்பில்லை.

மறுநாள் முரளிதரன் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, கோவர்த்தனன் சவாரிக்கு நீங்கதானே போனீங்க. பொட்டி கனமா இருந்துச்சா?"

"நான் ரோட்டத்தான் பாப்பேன் பாப்பா."

"ஆறு பேரு தூக்கினாங்களே."

"பின்னால இன்னா கீதுன்னு பாக்கற டிரைவரு ரொம்ப நாளு ஓட்டமாட்டான்." அவர் தண்ணீரை டயரின் மேல் அடித்தார். ஏற்கெனவே கழுவி முடித்த டயர் அது. "இருவத்தாறு வருஷமா ஓட்டிக்கினு கீறேன். ரோடு மட்டுந்தான்."

வியாழக்கிழமைக்குள் யாராவது ஒருவர் சாகப் போகிறார். அது யார் என்பது சொன்னவர்களுக்கே இன்னும் தெரியாது. புதன் முழுக்க அவள் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தாள். சுவரோரம் படுத்திருப்பவர்கள், தூணில் சாய்ந்திருப்பவர்கள், மலைக்கு வந்து திரும்பிப் போகாதவர்கள். எண்ணிப் பார்த்தாள், முப்பத்தொன்பது பேர். யாரிடம் போய் என்ன சொல்வது? பச்சைத் துண்டு போட்ட ஒரு கிழவர் அவளைக் கூப்பிட்டு, "இன்னாம்மா தேடற, நைனாவயா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தாள். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனாள். புகார் கொடுப்பவரின் பெயர், இறந்தவரின் பெயர் என்று கேட்பார்களே, இரண்டாவதற்கு என்ன சொல்வது என்று யோசித்துத் திரும்பிவிட்டாள். அதற்காக ராத்திரி முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமாவிடம் சொன்னாள்: "மூணாம் நம்பர் பொட்டியில குளுரு நிக்கல மாமா. அரை மணிக்கு ஒருதரம் மீட்டரு பாக்கணும். நானும் வண்டியில போறேன்."

மீட்டரில் ஒன்றும் கோளாறு இல்லை. அவள் சொன்ன முதல் பொய் அதுதான். எத்திராஜ் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்து முரளிதரனிடம் கொடுத்தார்.

பழைய குடோன் ஒன்றின் முன்னால் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஆறு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். கோவர்த்தனன் வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். கைகூப்பி, "சிரமம் குடுக்கறோம்மா," என்றார். சான்றிதழை நீட்டினார். இறந்த நேரம் காலை 11.10. பெயர், அடையாளம் தெரியாத முதியவர்.

கண்ணாடி மூடிக்குக் கீழே மாலைக்குள் முகம் தெரிந்தது. கழுத்தில் பச்சைத் துண்டு.

பெட்டிக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு. கோவர்த்தனனும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள். தேன்மொழி தலைமாட்டில், டிரைவர் பக்கத்துச் சின்னத் திறப்பை ஒட்டி உட்கார்ந்தாள். வண்டி சந்திரகிரியைத் தாண்டியது. மீட்டர் இரண்டு டிகிரி காட்டியது. எழுதினாள்.

பிறகுதான் அதைப் பார்த்தாள். கிழவரின் வாய்க்கு நேர் மேலே, கண்ணாடியின் உள்பக்கம், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெளுப்பு. கொஞ்ச நேரத்தில் மறைந்தது. மறுபடி வந்தது.

எத்தனை பெட்டி பார்த்திருக்கிறாள். மூடியின் வெளியே ஈரம் கோத்துக்கொள்ளும், உள்ளே ஒருநாளும் இப்படி வந்து வந்து போனதில்லை. ஆனாலும் முதலில் அவளுக்கு வந்தது சிரிப்பு. நாலு தடவையும் தியேட்டரில் அவள் ரொம்பச் சிரித்த இடம் இது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூடியை நாலு கொக்கி பிடித்திருந்தது. இரண்டின் மேல் கோவர்த்தனன் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

சோதனைச் சாவடி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அங்கே போலீஸ் இருக்கும். அங்கே சொல்லலாம். நோட்டில் சின்ன எழுத்தில் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டே வந்தாள். 4.02. 4.03. 4.03.

சாவடியில் வண்டி நின்றது. இரண்டு கான்ஸ்டபிள்கள். டீக்கடையில் பத்துப் பேர். மூத்தவர் டிரைவர் பக்கம் வந்து, "ஏமய்யா முரளி, பெத்தாயன பயலுதேராடா?" என்று படத்தின் தெலுங்குப் பெயரையே கேள்வியாக்கிக் கேட்டார். டீக்கடை சிரித்தது.

தேன்மொழி பின் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"சார், பொட்டியத் தொறந்து பாருங்க. உள்ள இருக்கறவரு சாவல. மூச்சு வுடறாரு. கண்ணாடியப் பாருங்க சார்."

இரண்டு பேர் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் டீக்கடையிலிருந்து ஒருவன், "பெரியவருக்கு வேர்க்குதும்மா," என்றான்.

சிரிப்பு வெடித்தது. நாலைந்து போன்கள் மேலே உயர்ந்தன. கோவர்த்தனனும் சிரித்தார், தோளில் கிடந்த துண்டை எடுத்து மூடியை மெதுவாகத் துடைத்தார். படத்தில் வரும் விதவையைப் போலவே. சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

"சார், விளையாடல. சாமி சத்தியமா. கீழ செம்மரக் கட்ட இருக்கு. ஆறு பேரு தூக்கினாங்க. நோட்டப் பாருங்க."

மூத்த கான்ஸ்டபிளின் முகம் கறுத்தது. போன்களைப் பார்த்தார், பிறகு அவளை. "போன வருசம் பொட்டியத் தொறந்தவன் இப்ப எங்க கீறான் தெரியுமா? அவன் பையன ஸ்கூல்ல பேரு சொல்லிக் கூப்பிடறது இல்ல, வேர்வைன்னுதான் கூப்பிடறாங்க. என்ன வெச்சி ரீல்ஸ் எடுக்க வந்தியா? யாரு அனுப்புனா உன்ன?"

"யாரும் அனுப்பல சார்."

"எங்க தம்பி பொண்ணு சார்," என்றார் கோவர்த்தனன் வருத்தமான குரலில். "பெரியவரு மேல உசுரு. ரெண்டு நாளாத் தூங்கல, துன்னல. மன்னிச்சிக்குங்க." சான்றிதழை நீட்டினார். கான்ஸ்டபிள் அதை வாங்கக்கூட இல்லை.

"போங்கய்யா. தொறக்கறதும் இல்ல, மூடறதும் இல்ல."

தேன்மொழி கீழே இறங்கப் பார்த்தாள். ஒரு கால் ரோட்டில் பட்டது. இறங்கிவிட்டால் வண்டி கிழவரோடு போய்விடும். அந்த நினைப்பு வந்ததும் காலைத் தானாகவே மேலே எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கதவைச் சாத்தியது கோவர்த்தனன்.

தடுப்புக் கட்டை உயர்ந்தது.

ஓர் ஆள் இன்னமும் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் சிரித்துக்கொண்டிருந்தான். கோவர்த்தனன் துண்டை மடித்து மடிமேல் வைத்தார்.

"நல்லா எழுதறம்மா. பேரு எழுதிட்டியா?"

அவள் நோட்டைப் பார்த்தாள். இறந்த நேரம் என்ற கட்டத்தில், சான்றிதழைப் பார்த்து அவளே எழுதிய 11.10 இருந்தது. அதை ஒரே கோடாக அடித்தாள். கோடு நேராக வரவில்லை. பக்கத்தில் 'இன்னும் இல்லை' என்று எழுதினாள்.

பிறகு வேறொன்றும் தோன்றாமல், தெரிந்த ஒன்றைச் செய்தாள். எழுதுவதைச் சத்தமாகப் படித்தாள், முரளிதரனின் காதுக்கு நேராக இருந்த அந்தத் திறப்பின் பக்கம் திரும்பி.

"நாலு இருபத்தேழு. மூச்சு இருக்கு."

"வாய மூடச் சொல்லு அந்தப் பொண்ண," என்றான் ஓர் ஆள்.

"நாலு இருபத்தெட்டு. மூச்சு இருக்கு. குளிர் ரெண்டு டிகிரி. நாலு முப்பது. இருக்கு. கொறஞ்சிருக்கு."

கோவர்த்தனன் அவளைத் தடுக்கவில்லை. "படிக்கட்டும்," என்றார். "சித்தூருக்குள்ள தானா நின்னுடும்." எது நின்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை. தேன்மொழி தொடர்ந்து படித்தாள். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, அதே நிமிஷத்தை மறுபடி படித்தாள். திறப்பு வழியே முரளிதரனின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அது வேர்த்திருந்தது.

"நாலு முப்பத்தெட்டு. அண்ணா, இருக்கு."

பாகாலா வந்தது. நேராகப் போனால் சித்தூர். இடது பக்கம் ஆஸ்பத்திரித் தெரு. இண்டிகேட்டர் டிக், டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. முரளிதரன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவளையல்ல, பெட்டியை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக இருக்கலாம்.

வண்டி இடது பக்கம் திரும்பியது.

கோவர்த்தனன் சிரித்த முகத்தோடேயே குனிந்து திறப்பருகே வந்தார். "முரளி, ரோடு தப்பு."

"ரோட்ட நான் பாத்துக்கறேன் சார்," என்றார் முரளிதரன். குரல் கீச்சென்று வந்தது. "நீங்க பொட்டியப் பாருங்க."

ஆட்கள் இரண்டு பேரும் பெஞ்சிலிருந்து எழுந்தார்கள். கோவர்த்தனன் கையிலிருந்த துண்டைப் பிரித்து, இரண்டு முனையையும் இரண்டு உள்ளங்கையில் மெதுவாகச் சுற்றிக்கொண்டார். தெருக் கோடியில் ஆஸ்பத்திரியின் சிவப்பு எழுத்துப் பலகை சின்னதாகத் தெரிந்தது. நடுவே ஒரு மாட்டு வண்டி, இரண்டு ஆட்டோ. முரளிதரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

தேன்மொழி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடியின் மேல் குனிந்தாள். வெளுப்பு வரவில்லை. வரவில்லை. பிறகு, காசு அளவுகூட இல்லை, ஒரு பருப்பு அளவுக்கு வந்தது.

"நாலு நாப்பத்தொண்ணு," என்று கத்தினாள்.