கிற்றாருக்கு ஒரு காது

சுஜீதனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கதிரையில் குந்தினால் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். செவன் ஹில்ஸில் அவன் வேலை செய்யும் களஞ்சியத்தில் சாப்பாட்டு நேரம் மற்றவர்கள் பெஞ்சில் சாய்ந்து ஃபோனை நோண்டுவார்கள். இவன் அடுக்கிய பெட்டிகளுக்கிடையே நடந்துகொண்டே பாணைக் கடிப்பான். அடைக்கலம் கேட்டுப் படகில் வந்தவன். வந்த நாள் தொட்டு, முடிவு வரும்வரைக்கும் தருகிற பிரிட்ஜிங் விசாதான். கேட்கும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் பொறுங்கோ" என்பதே லோயரின் பதில். "பொறுத்த பொறுமையெல்லாம் இவன்ர காலுக்குள்ள இறங்கி நிண்டு ஆடுது" என்பார் விக்னராஜா. டாக்சி ஓடுகிறவர், அவனோடு ஒரே வீட்டில் பங்குக்கு இருப்பவர்.

கிற்றார் ஒன்றுதான் அவனைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருந்தது. அதையும் அவன் இருந்து வாசித்ததில்லை. நின்று, நடந்து, திரும்பித்தான் வாசிப்பான்.

ஹரிஸ் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், ஞாயிறு பின்னேரங்களில் பாட விருப்பமுள்ள கொஞ்சப்பேர் கூடுவார்கள். கிரிஜாவை அவன் அங்கேதான் கண்டான். திருச்சிக்காரி. காது கேளாதவர்களுக்கு ஹியரிங் எய்ட் பொருத்துகிற கிளினிக்கில் வேலை. ஒரு கல்யாணம் நடந்து முறிந்திருந்தது. அதைப் பற்றி ஒரேயொரு முறை, சாம்பாரில் உப்பில்லை என்பதைப்போல, சொல்லிவிட்டு விட்டுவிட்டாள். அவள் பாடினால் சுஜீதன் வாசிப்பான் என்பது ஓர் ஆண்டாக எழுதாத வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிறு படியிறங்கும்போது அவள் கேட்டாள். "எங்க கிளினிக்குக்கு வர்றவங்களுக்காக ஒரு நிகழ்ச்சி வைக்கிறோம். செவன் ஹில்ஸ் ஹால்ல, சனிக்கிழமை காலைல. நான் பாடறேன். நீங்க வாசிக்கிறீங்களா?"

"ஓம். ஏன் வாசிக்காமல்?"

"ஒரே ஒரு விஷயம். உங்க கிட்டார் முன்னாடி மைக் வச்சா பிரயோஜனம் இல்ல. நீங்க ஆடற ஆட்டத்துக்குச் சத்தம் வந்து வந்து போகுது. வர்றவங்க பாவம், ஏற்கனவே காது மந்தம். கிட்டாருக்குள்ளயே வைக்கிற மாதிரி ஒரு பிக்கப் வாங்கிக்கோங்களேன்."

அன்றிலிருந்து பிடித்தது அவனுக்குப் பிக்கப் பைத்தியம்.

களஞ்சியத்தில் இடைவேளை முழுக்க காதில் இயர்ஃபோன். யார்யாரோ தங்கள் அறையில் இருந்துகொண்டு ஒரே மெட்டை வேறு வேறு பிக்கப்பில் வாசித்துக் காட்டினார்கள். கைக்கு அடங்கிய விலையில் மூன்று சாதி இருந்தது. குத்திக்காசு அளவில், பலகையில் ஒட்டிவிடுகிறது ஒன்று. மலிவு, ஆனால் சட்டைக் கை உரசினாலும் 'சர்' என்று கேட்கும், சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும். இன்னொன்று, கிற்றாரின் வட்ட வாயில் குறுக்கே கவ்விக்கொண்டு நிற்கும் காந்தம், உள்ளே செப்புக் கம்பியில் ஒற்றைச் சுருள். மூன்றாவதும் அதே மாதிரிதான், ஆனால் இரட்டைச் சுருள். இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துத் துடைத்துவிடும் என்றார்கள். விலையும் கனமும் கூட. இவற்றைவிட நல்ல சாமான்களும் இருந்தன. அவற்றுக்குக் கிற்றாரின் அடியில் துளை போடவேண்டும். அதை மட்டும் சுஜீதன் யோசிக்கவே இல்லை. அடுத்தவன் வீட்டில் இருந்து இருந்து பழகினவனுக்கு எதிலும் ஓட்டை போட மனம் வராது.

காலையில் இரட்டைச் சுருள் என்று முடிவெடுப்பான். மத்தியானம் ஒற்றைச் சுருள் போதும் என்று படும். பின்னேரம், அந்த ஒட்டுகிற சாமானுக்கு என்ன குறை என்று யாரோ எழுதியதை வாசித்துவிட்டு விக்னராஜாவிடம் கேட்பான்.

"நீ பொம்பிளை பாக்கிறியோ, பிக்கப் பாக்கிறியோ?" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி. "ஏதாவது ஒண்டை வாங்கித் துலையன்."

"பிழையான சாமானை வாங்கிப்போட்டால்?"

"வாங்காட்டிலும் சனிக்கிழமை வரும், தம்பி."

அந்தக் கிழமை புதன்கிழமை, பாட்டுகளின் வரிசையைப் பேச கிரிஜா ஃபோன் எடுத்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "மெல்பர்ன்ல, டார்னெய்ட்ல, எங்க ஆளுங்க புதுசா ஒரு கிளினிக் திறக்கறாங்க. என்னை வரச் சொல்றாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"நல்ல விசயம்தானே," என்றான் சுஜீதன். அவன் சொன்னது அவ்வளவுதான். ஃபோனை வைத்துவிட்டு முற்றத்தில் குப்பைத் தொட்டிக்கும் கேட்டுக்குமாக நடந்தான். பிறகு யாரோ துரத்துவதுபோல கிற்றாரையும் தூக்கிக்கொண்டு ரெயின் ஏறி, பரமற்றாவில் இசைக்கருவிக் கடைக்குப் போனான்.

கடைக்காரன் நல்லவன். ஒற்றைச் சுருளைக் கவ்வவிட்டுத் தானே வயரைக் கொழுவி, வாசித்துப் பார் என்றான். சுஜீதன் வயர் எட்டுமட்டும் கடைக்குள் நடந்து நடந்து வாசித்தான். ஒரு இரைச்சல் இல்லை. கம்பி கம்பியாகத் தெளிவு. இரட்டைச் சுருளைத் தொட்டும் பாராமல் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

செவன் ஹில்ஸில் இறங்கும்போது மனம் மாறிவிட்டது. இரட்டைச் சுருளை எடுத்திருக்கவேண்டும். திரும்பிப் போகும் ரெயின் எதிர் மேடையில் வந்து நின்றது. அவன் படியேறினான். பாலத்தில் நின்றான். கதவு மூடி ரெயின் போனது. அடுத்தது வந்தது, அதுவும் போனது. கடை பூட்டும் நேரமாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அவனால் வீட்டுக்கு நடக்க முடிந்தது.

வீட்டில் மாட்டிப் பார்த்தபோது இரண்டாவது கம்பி மட்டும் அலறியது. பிக்கப்பில் அந்தக் கம்பிக்கு நேரே இருந்த சின்னத் திருகாணியை இறக்கினான். அடங்கியது. பாலத்தில் நின்ற கதையையும் கேட்டு முடித்து, நல்லாய்த்தான் இருக்கு, என்று விக்னராஜா கட்டிலில் கிடந்தபடி தீர்ப்பு வழங்கினார்.

ஒத்திகை வெள்ளி பின்னேரம், மண்டபத்தில். கிரிஜா முன்னரே வந்து கதிரைகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். சுஜீதன் மேடையின் முன் விளிம்பில் நின்று சத்தத்தைப் பெருக்கும் தன் சின்ன ஆம்பில் வயரைச் செருகினான்.

'ங்ங்ங்ங்' என்று ஓர் உறுமல்.

வயரைக் கழற்றிக் கொழுவினான். வேறு ப்ளக்கில் போட்டான். இந்தப் பக்கம் நடந்தான், கூடியது. அந்தப் பக்கம் நடந்தான், குறைந்து பிறகும் கூடியது.

"நான் சொன்னனான்தானே!" என்றான், அவளிடம் எதுவும் சொல்லியிராதவன். "பிழையான சாமான். ஓடிப்போய் மாத்திக்கொண்டு வாறன்."

"கடை மூடியிருப்பாங்க சுஜீதன்."

"அப்ப நாளைக்குக் காலமை."

"அவங்க திறக்கறதுக்குள்ள நம்ம நிகழ்ச்சி ஆரம்பிச்சிடும்."

அவன் கிற்றாரைக் கழற்றாமலே வாசலைப் பார்த்துத் திரும்பினான். கிரிஜா மேசையில் மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்து ஸ்பீக்கர்களை இன்னும் போடவில்லை. அவன் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த மைக்கிலேயே மெல்லச் சொன்னாள்.

"கொஞ்சம் நில்லுங்களேன்."

அது அவனுடைய ஆம்பிலிருந்து வந்தது. மெலிந்து, தகரக் குழாய்க்குள்ளால் வருவதுபோல, ஆனால் அவள் குரல்தான். கொஞ்சம் நில்லுங்களேன்.

இருவரும் ஆம்பைப் பார்த்தார்கள். பிறகு கிரிஜா சிரிக்கத் தொடங்கினாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன? என்னண்டு?"

"லூப்! கார்ப்பெட்டுக்கு அடியில, ஹாலைச் சுத்தி ஒரு வயர் ஓடுதுங்க. மைக்ல பேசறது அந்த வயர்ல காந்தமா ஓடும். ஹியரிங் எய்டுக்குள்ள குட்டியா ஒரு சுருள் இருக்கு, அது அதைப் பிடிச்சு நேரா காதுக்குக் குடுக்கும். உங்க பிக்கப்ல இருக்கறதும் அதே மாதிரி சுருள்தான். நீங்க உங்க கிட்டாருக்கு ஹியரிங் எய்ட் வாங்கி மாட்டியிருக்கீங்க!"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப அந்த லூப்பை நிப்பாட்டுங்கோவன்."

"அதை நிறுத்தினா பாதிப் பேருக்கு ஒண்ணுமே கேக்காது. அவங்களுக்காகத்தானே வைக்கிறோம்?" அவள் மேடைக்கு ஏறிவந்தாள். "ஹியரிங் எய்ட் போட்டவங்க தலையைத் திருப்பினா சத்தம் மாறும். தினமும் பாக்கறேன். நீங்களும் திரும்பிப் பாருங்க. மெதுவா."

அவன் திரும்பினான். உறுமல் தேய்ந்தது.

"இன்னும். கிட்டாரைச் சாய்க்காதீங்க, நிமிர்த்திப் பிடிங்க. இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான்!"

சத்தம் அறவே நின்றது. ஆளில்லாத மண்டபத்துக்கு அவன் தோள் காட்டி நின்றான். கண் எதிரே கிரிஜா பாடுவதற்காகப் போட்ட கதிரை இருந்தது.

"உக்காந்துக்கோங்க. நாளைக்கு இப்படியே இருக்கணும். ஆடக் கூடாது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"முடியற வரைக்கும்."

"என்னால ஏலாது, கிரிஜா."

"தெரியும்," என்றாள் அவள். "வேற வழியில்லையே."

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. மால்ட்டாக்காரர், லெபனான்காரர், பிலிப்பைன்ஸ்காரர், நம்மவர்கள். பாதிப்பேர் காதில் விரலை வைத்து எதையோ தட்டி, லூப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். கிற்றாரும் அவர்களுக்குக் கேட்கவேண்டும் என்று ஆம்பின் முன்னால் ஒரு மைக் வைத்திருந்தார்கள். சுஜீதன் கதிரையில் ஆணி அடித்ததுபோல் இருந்தான். பக்கத்தில் சபையே இல்லாததுபோல் நேரே பார்த்தான். நேரே இருந்தவள் கிரிஜா.

ஓர் ஆண்டு முழுக்க அவளுக்கு வாசித்திருக்கிறான். ஆனால் எப்போதும் யன்னலை, சுவரை, தன் விரலைப் பார்த்து. இன்றுதான் பார்க்கிறான். மேலே ஏறும் சுரத்துக்கு முன்னால் அவள் இடது கண்ணை மட்டும் சுருக்குகிறாள். பல்லவி முடிந்து அவன் வாசிக்கும் இடத்தில், சேலைத் தலைப்பின் நூலொன்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கிறாள். கீழே, சேலைக் கரைக்கு வெளியே தெரிந்த செருப்புக் காலில் பெருவிரல் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது. இவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லையா? இவ்வளவு நாளும் அவளைத்தான் அவன் உலகத்திலேயே அமைதியான ஆள் என்று நினைத்திருந்தான்.

திங்கக்கிழமை பதில் சொல்லணும். அந்த நினைப்பு வந்த கையோடு அவன் வலது கால் ஆடத் தொடங்கியது. முழங்கால் ஆட, அதன்மேல் கிற்றார் ஆட, 'ங்ங்' என்ற உறுமல் இருபது முப்பது காதுகளுக்குள் நேரே புகுந்தது. முன்வரிசையில் ஒரு மால்ட்டாக்கார அம்மா துள்ளிக் காதைப் பிடித்தார். அவனுக்குத் தெரிகிறது, ஆனால் காலை நிறுத்த முடியவில்லை. எழும்பி ஓடிவிடலாம் போலிருந்தது.

கிரிஜா பாட்டை நிறுத்தவில்லை. கதிரையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்தாள். கண்ணை மூடி அடுத்த வரியை எடுத்தபடியே, தன் காலைத் தூக்கி அவன் சப்பாத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

உறுமல் நின்றது.

அந்தக் காலை அவள் அந்தப் பாட்டுக்கு எடுக்கவில்லை. அடுத்த பாட்டுக்கும் எடுக்கவில்லை. மால்ட்டாக்கார அம்மா அதைக் கண்டுவிட்டு பக்கத்தில் இருந்தவரை இடித்துக் காட்டினார். சுஜீதன் அதைப் பார்க்கவில்லை. வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவன் ஓரிடத்தில் இருந்ததே இல்லை.

எல்லாரும் போனபிறகு கார்ப் பார்க்கில் அவளுடைய காரின் பின்னால் ஆம்பைத் தூக்கி வைத்தான்.

"மன்னிச்சிக்கோங்க, கால்ல மிதிச்சிட்டேன்," என்றாள் கிரிஜா.

"பரவாயில்லை." டிக்கி மூடியில் கையை வைத்தான். "டார்னெய்ட்டுக்கு என்ன சொல்லப்போறீங்கள்?"

"வர்றேன்னு சொல்லப்போறேன்."

"ம்." மூடியைச் சாத்தினான். சரியாய்ப் பூட்டவில்லை, திறந்து மறுபடி சாத்தினான். "அங்கயும் களஞ்சியங்கள் இருக்குமென்ன?"

"நிறைய இருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"நானும் வரட்டோ?"

அவள் கார்ச் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றினாள். "கிட்டார் வாசிக்கறதுக்கா?"

"இல்லை." சொல்லிவிட்டான். சொன்ன பிறகு வாய் நிற்கவில்லை. "ஆனா என்னட்டை ஒண்டும் இல்லை, கிரிஜா. விசாவும் இல்லை. நாளைக்கு என்ன செய்வாங்கள் எண்டு தெரியாது. நீங்கள் நல்ல உத்தியோகம். நான் உங்களிட்டை இப்பிடிக் கேக்கிறதே..."

"நான் ஒரு தடவை எல்லாம் சரியா இருக்கற ஆளைத்தான் கட்டிக்கிட்டேன்," என்றாள் அவள். "விசா, வீடு, வேலை எல்லாம் சரியா இருந்துது. ஒரு நாள்கூட அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினதில்ல." கார்க் கதவைத் திறந்தாள். "வர்றதுன்னா வாங்க. ஆனா பிக்கப் வாங்கின மாதிரி யோசிச்சு யோசிச்சு, பாலத்து மேல நின்னு ரயிலை எல்லாம் விட்டுட்டு வராதீங்க."

"அது உங்களுக்கு ஆர் சொன்னது?"

"விக்னராஜா அண்ணன்தான். காலைல ஹால் வாசல்ல இறக்கிவிட்டாரே உங்களை, அப்போ எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் போனார்."

அவனுக்கு முகம் சுட்டது. பிறகு இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

கிரிஜா முதலில் போனாள். சுஜீதன் லோயரிடம் கேட்டான். விலாசம் மாறியதை அறிவித்தால் போதும், வேறு தடை இல்லை என்றார் அவர். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் டார்னெய்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. அவனைக் கூட்டிப் போக கிரிஜாவே காரோடு வந்தாள். விக்னராஜா வாசலில் நின்று, "போட்டு வா" என்றார். பிறகு உள்ளே போய்க் குசினியில் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

ஹியூம் நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடினார்கள். மாநில எல்லையில் இருக்கும் ஆல்பரி நெருங்கியதும் சுஜீதன் நிமிர்ந்திருந்தான். எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே அவன் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும், கடதாசிகள் இருக்கின்றனவா என்று. இப்போதும் தடவினான்.

"எங்க நிப்பாட்டுவாங்கள்?"

"யாரு?"

"எல்லையில."

கிரிஜா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கார் ஒரு பாலத்தில் ஏறியது. கீழே மரங்களுக்கிடையே அகன்ற ஆறு, பழுப்பு நிறத்தில், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பாலம் முடிந்தது. விக்டோரியா உங்களை வரவேற்கிறது என்று ஒரு பலகை பக்கத்தால் கடந்தது.

"இதுதாங்க எல்லை," என்றாள். "தாண்டிட்டோம்."

அவன் திரும்பிப் பின்கண்ணாடியால் பார்த்தான். யாரும் மறிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபிறகும் பார்த்துக்கொண்டே இருந்தான்.