பொட்டு வைக்காத படம்

"கழுத்துக்கு மேல மட்டும் எடுத்தா போதும் கண்ணு. கையி காலெல்லாம் பட்டுப்பொடவையில மறஞ்சிடும். மாப்ள ஊட்டுக்காரங்க மூஞ்சியத்தான பாப்பாங்க."

"காது?"

"காதையும் எடுத்துடு. ஜிமிக்கி போட்டா தெரியும் இல்ல."

கேட்டது ரம்யா. பதில் சொன்னது கெங்கம்மாள், மகள் மோனிகாவை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்திருந்தவள். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது மோனிகாவின் கறுப்பைப் பற்றி. ரம்யா யாரையாவது அச்சு அசலாக வரைந்து முடித்தால் அவர்களுடைய நிறம் படத்துக்குப் போய்விடும், ஆளிடம் தங்காது. பொன்னேரிப் பக்கத்தில் இது நான்கு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இப்போது மீஞ்சூரிலிருந்தும் வர ஆரம்பித்திருக்கிறார்கள்.

ரம்யாவுக்கு வேலை கும்மிடிப்பூண்டியில் ஒரு பீரோ கம்பெனியின் பெயின்ட் செக்‌ஷனில். பெயின்ட் அடிப்பதில்லை, அடிப்பதற்கு முன்னால் பூட்டிலும் கைப்பிடியிலும் பெயின்ட் படாமல் டேப் ஒட்டுவாள். எட்டு மணி நேரமும் ஒரே சாம்பல் நிறம். திரும்பி வரும் ரயிலில், வாட்டர் கலரில் வரையும் ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோக்களைப் போனில் பார்ப்பாள். மொழி புரியாததால் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்ப்பாள். வெளிச்சம் வேண்டுமென்றால் அந்த இடத்தில் காகிதத்தை வெள்ளையாக விட்டுவிட வேண்டும், ஈரத்தின் மேல் ஈரம் வைத்தால் நிறம் தானாகப் பரவும், கறுப்பு ட்யூபை மட்டும் திறக்கவே கூடாது, நீலத்தையும் பழுப்பையும் கலந்துதான் கறுப்பை வரவழைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்படிக் கற்றதுதான். கடைசியாகச் சொன்னதை அவள் உடனே நம்பினாள். ஏனென்றால் பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வளர்ந்தது அம்மா மணியம்மாளின் கறுப்பு. களை எடுத்துவிட்டு நிமிரும்போது வியர்த்த பிடரியில் நீலம் ஓடும். முழங்கையில் வெல்லப்பாகின் சிவப்பு இருக்கும். கண்ணிமையில் கத்திரிக்காயின் ஊதா. அந்தக் கறுப்பைக் காகிதத்தில் கொண்டுவரத்தான் அவள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை.

இரண்டு வருடம் காகிதமெல்லாம் சேறானது. இரண்டு நிறம் போதும் என்ற இடத்தில் நான்கைக் கலப்பாள், காய்வதற்குள் திரும்பப் போய்த் தொடுவாள். மூன்றாம் வருடம், இமையின் ஊதாவுக்குப் பழக்கமாக இருக்கட்டுமென்று தட்டில் ஒரு கத்திரிக்காயை வைத்து வரைந்தாள். ஊதா சரியாக விழுந்த அன்று தட்டிலிருந்த காய் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. மணியம்மாள் அதை அரிந்து குழம்பில் போட்டாள். ருசியில் வித்தியாசமில்லை. அடுத்தது பக்கத்து வீட்டு ராஜமாணிக்கத்தின் எருமை. அவர் வந்து பார்த்தார். பால் குறையவில்லை என்பதால் தகராறு செய்யாமல் போனார். பனிக்காலத்தில் விடிகாலையில் அதைத் தேடுவதுதான் சிரமமாக இருந்தது, கழுத்தில் மணி கட்டிவிட்டார்.

மனிதர்களுக்கும் நடக்கும் என்று ரம்யா நினைக்கவில்லை. பேக்கிங்கில் வேலை பார்த்த விக்டோரியா ஒரு சாப்பாட்டு இடைவேளையில் சும்மா உட்கார்ந்தாள். காதை வரைந்து முடித்தபோது அவள் முகம் வடித்த கஞ்சியின் நிறத்தில் இருந்தது. சிவப்பும் இல்லை, மாநிறமும் இல்லை, எதுவும் ஊற்றாத பாத்திரம் மாதிரி. ரம்யா அழுதாள். விக்டோரியா மூன்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். இரண்டு முறை தட்டிப்போன சம்பந்தம் அந்த மாதமே திரும்பி வந்தது. "செவப்பு இல்லன்னா இன்னா, கறுப்பு இல்ல இல்ல?" என்றாளாம் மாப்பிள்ளையின் அம்மா.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வாசலில் செருப்புகள் நிறைந்தன. முதலில் ரம்யா முடியாது என்றுதான் சொன்னாள். ஒரு பெண் துப்பட்டாவை விலக்கி, கிரீம் போட்டு வெந்துபோன கன்னத்தைக் காட்டினாள். அப்புறம் ரம்யா மறுக்கவில்லை. ஒவ்வொரு முகமாக எடுக்க எடுக்க அவள் கை தேறியது. மஞ்சள் புடவையின் வெளிச்சம் தாடைக்குக் கீழே எப்படித் தங்கும், கன்னம் முடிகிற இடத்தில் கோடு போடாமல் எப்படி விடுவது என்பதெல்லாம் அந்தப் பெண்களிடம்தான் தெரிந்தது. நினைத்தால் சோறு இறங்காது, ஆனாலும் தேறியது. ஒருவர்கூடத் தன் படத்தைக் கேட்கவில்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட ஒரு பீரோவில் நூற்று நாற்பத்து மூன்று முகங்கள் இருந்தன. கதவைத் திறந்தால் நிறையப் பேர் நிற்கிற அறை மாதிரி வெக்கை அடிக்கும்.

அம்மாவை அவள் பொங்கலுக்குப் பொங்கல் வரைந்தாள். பிடரியின் நீலம், முழங்கையின் சிவப்பு, எல்லாம் அப்படியே வந்துவிடும். முடிகிற நேரத்தில், கைக்குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல, அம்மாவின் கன்னத்தில் கம்பெனிச் சாம்பலில் ஒரு பொட்டு வைத்துவிடுவாள். படம் கெட்டுவிடும். நிறம் அம்மாவிடமே தங்கிவிடும். நான்கு பொங்கலுக்கு நான்கு படங்கள். பீரோவில் இருக்கும் முகங்களை வெளியில் அனுப்ப மனமில்லாமல், சென்னையில் நடந்த ஒரு போட்டிக்கு அம்மாவின் படம் ஒன்றை அனுப்பினாள். 'அபூர்வமான கை. கன்னத்தில் ஒரே ஓர் அலட்சியம், எல்லாம் போயிற்று' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. அம்மாவிடம் அவள் காரணம் சொன்னதில்லை. இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டாள். அப்பா தணிகாசலம் முப்பது வருடமாக மணியம்மாளை "ஏ கருப்பி" என்றுதான் கூப்பிடுகிறார். ரேஷன் கார்டில் மட்டும்தான் அவளுக்குப் பெயர்.

மோனிகாவுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. காதையும் எடுத்தாயிற்று. கெங்கம்மாள் மகளின் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்து, நெட்டி முறித்தாள். மோனிகா கண்ணாடியைக் கேட்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"நான் இப்டியாக்கா இருந்தேன்?"

ரம்யா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டோக்காரன் கத்தினுகிறான், வாடி" என்று கெங்கம்மாள் அவளை இழுத்துப் போனாள்.

அவர்கள் போனதும் உள்ளேயிருந்து மணியம்மாள் வந்தாள். முகம் கழுவி, கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். பெட்டியில் கிடந்த மடிப்பு குறுக்கே தெரிந்தது. கையில் அவளுடைய நான்கு படங்கள். அவற்றைத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, மோனிகா எழுந்துபோன ஸ்டூலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள். பிடரியில் அந்த நீலம் இருந்தது.

"எல்லா ஊட்டுப் பொண்ணுக்கும் சரியாத்தான் பண்ற. எம் மூஞ்சி வந்தா மட்டும் கடைசியில கையி தப்பிப்போவுது. எம்மேல இன்னா கோவமோன்னு நானும் நாலு வருஷமா வாயத் தொறக்கல."

"கோவம் இல்லம்மா, அது வந்து..."

"உங்கப்பன் ஒரு நாளாவது என்னப் பேரு சொல்லிக் கூப்புடட்டும்டி." அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மற்றப் பெண்களைப் போலவே தாடையைச் சற்றுத் தூக்கினாள். "பொட்டு வெக்காம, ஒரே ஒரு வாட்டி என்ன வரஞ்சுடேன்."