அப்பாவின் போனுக்கு வரும் நம்பர்

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்கு எந்தப் பிரிவு என்று பதிவு செய்ய இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. நான் மண்ணியல் என்று முடிவு செய்து ஒரு வருடம் ஆகிறது. வயல் வயலாக அலைந்து, மண்ணை விரலில் நசுக்கிப் பார்த்து, இதில் என்ன விளையும் என்று சொல்கிற வேலை. எனக்கு அதில் பைத்தியம். ஆனால் பதிவுக்கான ரகசிய நம்பர் அப்பாவின் போனுக்குத்தான் வரும். சேரும்போது, "எல்லாச் செய்தியும் அப்பாவுக்கே போகட்டும்" என்று பெருந்தன்மையாக அவர் நம்பரை எழுதிக்கொடுத்த அதிமேதாவி நானேதான்.

அப்பா கிரேன் ஓட்டுகிறார், முப்பது மாடி உயரத்தில். மேலே ஏறுகிறவர்கள் போனை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் போனோ அவர் விரல் வைத்தால்தான் திறக்கும். ஆக, நாலு மணிக்கு நான் அந்தக் கட்டட வாசலில் நின்றேன்.

காவலாளி வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். "அண்ணே, உங்க பொண்ணு வந்திருக்கு. படிப்புக்கு ஏதோ நம்பர் வேணுமாம்."

சாப்பாட்டுக்குக்கூட இறங்காத மனுஷர், ஏணி ஏணியாக இறங்கி வந்தார். இருபது நிமிடம் ஆனது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"படிப்புன்னா இறங்காம இருப்பனா?" மூச்சு வாங்கச் சிரித்தார். மழைக்குக்கூடக் காலேஜ் பக்கம் ஒதுங்காதவர். "எதும்மா எடுக்கப் போற?"

"அப்பா, அது வந்து... மண்ணு..."

"இரு, அங்க பாரு." எதிரே இருந்த கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டினார். "மேலேருந்து பார்த்தா உள்ள எல்லாம் தெரியும். பன்னெண்டாவது மாடியில ஒரு பொண்ணு, உன்ன மாதிரியே இருக்கும். கால்ல சேறு இல்ல, மூஞ்சில வெயில் இல்ல. அங்க வேலை செய்யறவங்க என்ன படிச்சவங்கன்னு விசாரிச்சேன். புள்ளியியலாம். தினமும் அந்தப் பொண்ணப் பார்த்துட்டுத்தான் வேலையத் தொடங்குவேன். கிரேன் கூண்டுல நான் வெந்தது போதும்ல, பாப்பா?" சற்று நிறுத்தினார். "ஆனா உனக்குப் பிடிச்சத எடு. நான் ஒண்ணும் சொல்லல."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். வாயாடி என்றுதான் வீட்டில் எனக்குப் பெயர். இப்படிப் பேசுகிறவரிடம் என்ன செய்வது? கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

என் போனில் திறந்து வைத்திருந்த பதிவுப் படிவத்தில், மண்ணியல் என்று இருந்ததைப் புள்ளியியல் என்று மாற்றினேன்.

காவலாளி எடுத்துக் கொடுத்த தன் போனில் அப்பா விரல் வைத்தார். கிரீஸ் கறையில் போன் திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆறு எண்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் போட்டேன்.

கடைசியாக ஒரு கட்டம் வந்தது. 'இது யாருடைய வற்புறுத்தலும் இன்றி நானே எடுத்த முடிவு.'

"இன்னும் என்னம்மா கேக்குது?"

"ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டு அதில் டிக் அடித்தேன்.