மூன்றாவது வில்லை

இன்குபேட்டரைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று ரோகிணியின் முகத்தில் பட்டது. கொடைக்கானலில் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் குளிராத இடம் அந்தப் பெட்டி ஒன்றுதான். உள்ளேயிருந்த கண்ணாடித் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

தட்டில் உறைந்திருக்கும் கூழின்மேல், புண்ணில் சீழ் வைக்கும் பாக்டீரியாவைத் தடவி, மருந்தில் நனைத்த பொட்டளவு காகித வில்லையை வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பாலாடை படிந்ததுபோல் பாக்டீரியா வளர்ந்திருக்கும். மருந்து கசிந்து பரவிய இடத்தில் மட்டும் வளராது. வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழும்.

நேற்று, முதல் தட்டில் அப்படி ஒரு வட்டம் விழுந்திருந்தது. அந்த வில்லையில் இருந்தது, மலைக்கிராமமான பூண்டியில் அவள் அண்ணன் திருமலைச்சாமி காலில் வைத்துக் கட்டியிருக்கும் பச்சிலையின் சாறு. பூண்டு வயலில் களைக்கொத்து பட்ட காயம், ஆறு நாளாகிறது. சந்தோஷத்தில் வட்டத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்றவன் வெள்ளைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டான்.

இன்றைய தட்டில் மூன்று வில்லைகள். ஒன்றில் இலைச்சாறு, ஒன்றில் கடை மருந்து, மூன்றாவதில் வெறும் ஆல்கஹால். இலையின் சத்தை ஆல்கஹாலில் ஊறவைத்துத்தான் எடுக்கிறார்கள். அந்த ஆல்கஹால் தனியாக என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் மூன்றாவது வில்லை. முதல் தட்டில் அவசரத்தில் அதை வைக்காமல் விட்டிருந்தாள்.

மூன்றாவதைச் சுற்றியும் வட்டம். ஸ்கேலை வைத்தாள். பன்னிரண்டு மில்லிமீட்டர். இலைக்கும் அதே பன்னிரண்டு.

செய்முறைத் தாளில் வில்லைகளைப் பத்து நிமிடம் உலரவிடச் சொல்லியிருந்தது. மதுரையில் எழுதிய தாள். அங்கே பத்து நிமிடத்தில் ஆல்கஹால் பறந்துவிடும். இங்கே மூட்டம் ஜன்னல் வழியாக மேசைவரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. துவைத்த துணி காய மூன்று நாளாகிறது. ஈர வில்லையைத்தான் இரண்டு நாளும் வைத்திருக்கிறாள்.

பக்கத்து மேசையிலிருந்து, கூடப் படிக்கும் பிரின்ஸி எட்டிப் பார்த்தாள். "நல்லா ட்ரை பண்ணி திரும்பப் போடுடி. நாளைக்கு ரிசல்ட் தெரிஞ்சிரும்ல."

"தட்டு நாளைக்கு வரைக்கும் பொறுக்கும். கால் பொறுக்குமா?" என்று ரோகிணி போனை எடுத்தாள்.

"ஏத்தா, ஒன் போட்டோவ பஸ் ஸ்டாப்புல எல்லாத்துக்கும் காட்டிட்டேன்," என்றான் திருமலைச்சாமி. "பக்கத்து வயல் சின்னச்சாமி அந்த எலைய வேரோட பிடுங்கிட்டுப் போயிட்டான். இனி டாக்டருக்கு இங்க என்ன சோலி?"

"அண்ணே, அது தப்பு. பூச்சியக் கொன்னது எலைய ஊறவச்ச ஸ்பிரிட்டா இருக்கலாம். நான் சரியா காயவைக்கல."

வயலில் தண்ணீர் பாயும் சத்தத்துக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான்.

"அப்ப எலை பொய்யிங்கிற."

"அப்பிடியும் சொல்லல. எனக்குத் தெரியல. நேத்து தெரியும்னு சொன்னேன் பாரு, அதான் பொய்."

"படிச்ச பிள்ளை பேச்சு, நாளுக்கு ஒண்ணு."

"முந்தாநாள் செவப்பு ஓரத்துல பேனாவால கோடு போடச் சொன்னேன்ல. எலைய எடுத்துட்டு, செவப்பு அதைத் தாண்டியிருக்கான்னு பாருண்ணே."

"பாக்கலாம், பாக்கலாம்," என்று வைத்துவிட்டான்.

புது வில்லைகளை விளக்கின் அடியில் பரப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்து முகர்ந்தாள். இன்னும் லேசாக ஆல்கஹால் வாசம் இருந்தது. மறுபடி வைத்தாள்.

அண்ணனிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. பனி படிந்த பஸ் ஜன்னல். பூண்டு மூட்டைமேல் தூக்கி வைத்த கால். கணுக்காலைச் சுற்றி நீல மைக்கோடு வட்டமாக இருந்தது. சிவப்பு அதைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

வெள்ளைச் சட்டையின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது.