பிளம்பர் வீட்டு மீன்தொட்டி

என் வீட்டுக்காரர் பிளம்பர். ஊரார் வீட்டுக் குழாயையெல்லாம் சரிசெய்வார். எங்கள் சமையலறைக் குழாய் மட்டும் ஆறு மாதமாகச் சொட்டுகிறது. வேலை முடிந்து வந்தால் போன் விளையாட்டில் மீன் வளர்ப்பார். அந்தத் தொட்டியில் தண்ணீர் கலங்கினால் மட்டும் உடனே மாற்றிவிடுவார். நேற்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கினேன்.

"குழாயைச் சரி பண்ணுங்க, அப்புறம் தர்றேன்."

"இப்ப தீனி போடலன்னா மீனெல்லாம் செத்துடும்டி!" என்று புலம்பியபடியே ஸ்பானரை எடுத்தார்.

பாவமாக இருந்தது. நானே தீனி போட்டேன். ஆரஞ்சுக் குட்டி ஒன்று கண்ணாடியருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

பத்தே நிமிடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "சொட்டு நின்னுடுச்சு. போனைக் குடு."

"இருங்க, பாத்ரூம் குழாயும் ஒழுகுது," என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.