ஒரே திரையில்

ஆக்சிஜன் சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போக வந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டபோதுதான், கட்டிலருகே அண்ணனின் மடிக்கணினி இன்னும் திறந்திருப்பதைத் தங்கை கண்டாள். காலையில் அவன் உயிர் போயிற்று. உடல் முன்னறையில் இருந்தது; வண்டி மாலையில்தான் வரும்.

"அத அணைச்சிடும்மா. டிங் டிங்குன்னு கத்திக்கிட்டே இருக்கு," என்றாள் அண்ணி. "நேத்து சாயந்திரம்கூட நீ அனுப்பினதத்தான் பாத்துட்டிருந்தாரு."

அண்ணன் பொறுப்பில் இருந்தது, பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஓர் இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அண்ணன் படித்து ஒப்புக்கொண்டால்தான் சேரும். வாசிக்கும் குரல் சில சொற்களைப் பாதியில் விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிழையைத் தங்கை போன வாரம் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். அத்தோடு விட்டாளா? நிரல் கோப்பு முழுவதையும் வரி வரியாக நகர்த்தி அழகுபடுத்தி, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக அனுப்பிவைத்தாள். அண்ணனின் திரையில், இடம் மட்டும் நகர்ந்த வரிகளும் மாறியவைபோலச் சிவப்பும் பச்சையுமாக நீண்டன.

அண்ணன் உடனே போனில் கூப்பிட்டான்.

"வாலு, குழாயையும் மாத்தி, வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சு வச்சிருக்க. எங்க ஒழுகிச்சுன்னு நான் எப்படிப் பாக்கறது? ரெண்டா பிரிச்சு அனுப்பு."

"தங்கச்சி மேல நம்பிக்கை இல்லையாக்கும்? பேசாம சேத்துடேன்."

"உன்மேல இருக்கு. உன் கோடிங் மேலதான் இல்ல." அவன் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

சிறிய வேலைதான். அவன் சொல்லி நான் செய்வதா என்ற வீம்பில் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

"அவருக்கு விரல அசைக்க முடியல," என்றாள் அண்ணி, போர்வையை மடித்தபடி. "நான்தான் கீழ தள்ளித் தள்ளிக் காட்டினேன். 'இதுல எது அவ மாத்தினது'ன்னு என்னையக் கேக்குறாரு. எனக்கென்னம்மா தெரியும்?"

தங்கை தன் கணினியை எடுத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழகுபடுத்தியதைத் தனியாக எடுத்து வைத்தாள். பிழைத் திருத்தத்தைத் தனியாக. என்ன பிழை, ஏன் வந்தது, சரியானதை எப்படிச் சோதிப்பது என்று மேலே நிதானமாக எழுதி, இரண்டையும் அனுப்பினாள்.

அண்ணனின் கணினி டிங் என்றது.

அதில் திருத்தத்தைத் திறந்தாள். ஒன்பதே வரிகள். அவன் கண்ணுக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினாள். அப்போதும் தள்ளிப் பார்க்கத் தேவையின்றி ஒரே திரையில் அடங்கிற்று.

"இன்னும் அணைக்கலையா?"

"இதோ, அண்ணி."

யாரும் தொடாததால் திரை மெல்ல மங்கியது. தங்கை விரல் நீட்டித் தொட்டாள். வெளிச்சம் வந்தது. கணினியைத் தலையணைப் பக்கமாகச் சற்றுத் திருப்பிவைத்தாள்.